மேசை மீது வைக்கப்பட்டது

கீழத்தாங்கல்
ஜனவரி 19

தம்பி சரவணகுமாருக்கு,

பொங்கலுக்குப் பிறகு நீ ஏழு முறை போன் செய்திருக்கிறாய். நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். போனில் நீ "அழாதக்கா, பாத்துக்கலாம்க்கா" என்பாய். வைத்த பிறகு யோசித்தால் கையில் ஒன்றும் இருக்காது. சொல்ல வேண்டியதை எழுது. எழுதினால் சொன்னது சொன்னபடி நிற்கும்.

அடக்கத்துக்கு நீ வரவில்லை. டெல்லியில் பாராளுமன்றம் நடக்கிறது என்றாய். "அக்கா புருஷன் செத்ததுக்கு லீவு குடுக்காத ஆபீசு இன்னாடா ஆபீசு?" என்று சடையப்பன் சித்தப்பா பந்தலில் எல்லாரும் கேட்கும்படி கேட்டார். நான் உனக்காகப் பரிந்து பேசவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். டிசம்பர் 8, ஞாயிறு, காலை பதினொரு மணி. திருவிடந்தைக்குத் தெற்கே கடல் பக்கம் இருக்கும் ரிசார்ட்டுக்கு உன் மாமா கழிவுநீர் லாரி ஓட்டிப் போனார். தொட்டியின் அடியில் கெட்டியாக இருந்ததைக் குழாய் இழுக்கவில்லை. இறங்கிக் கலக்கிவிடச் சொல்லி ரிசார்ட் மேனேஜர் சொன்னார். லாரியில் கூடப் போன தாவீதுதான் முதலில் இறங்கினான். மயங்கி விழுந்தான். அவனைத் தூக்க உன் மாமா இறங்கினார். அன்று மாலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் தாவீது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது: "அண்ணி, அண்ணாத்த என்னத் தோள்ல வெச்சி மேல தள்ளி வுட்டாரு. அப்பால திரும்பிப் பாக்குறேன், அவரு கை தெரியல."

மூன்றாம் நாள் அதே தாவீது, "நான் வண்டியில தூங்கிக்கினு இருந்தேன் அண்ணி, எனக்கு ஒன்னும் தெரியாது" என்றான். முதல் தகவல் அறிக்கையில், லாரி மேலே ஏறிக் குழாயைச் சுருட்டும்போது வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார் என்று எழுதியிருக்கிறது. தலையில் ஒரு கீறல் கூட இல்லை. குளிப்பாட்டியவள் நான்.

கலெக்டர் ஆபீசில் இரண்டு மனு, போலீசில் மூன்று. நம் தொகுதி எம்.பி. ஆபீசில் வாங்கிக்கொண்டு சீட்டு கொடுத்தார்கள். எல்லாச் சீட்டும் இருக்கிறது. நீ வேலை பார்க்கும் எம்.பி. ஐயா பாராளுமன்றத்தில் கேள்வி கேட்கிறவர். அந்தக் கேள்விகளை எழுதுவது நீதான் என்று நீயே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். உன் மாமா எப்படிச் செத்தார் என்று ஒரு கேள்வி எழுது.

சுஜாதா


புது டெல்லி
ஜனவரி 28

அக்கா,

வராததற்குக் காரணம் சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். மாமாவை அடக்கம் செய்த அன்று வாசுதேவன் ஐயாவின் பெயரில் உப்பளத் தொழிலாளர் பற்றி ஒரு கேள்வி இருந்தது. அமைச்சர் பதில் சொன்னதும் ஐயா கேட்க வேண்டிய துணைக் கேள்வியை நான்தான் எழுதித் தர வேண்டும். எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அன்று அவை கூச்சலில் ஒத்திவைக்கப்பட்டது. கேள்வி எடுக்கப்படவே இல்லை. அதற்காகத்தான் நான் வராமல் இருந்தேன்.

நீ கேட்டபடி நேராக எழுத முடியாது. ஐயா நம் தொகுதிக்காரர் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம். போலீஸ் மாநிலத்தின் பொறுப்பு என்பதால், ஒரு ஆளின் சாவைப் பற்றி மட்டும் கேட்டால் செயலகத்திலேயே தள்ளிவிடுவார்கள். அதனால் இப்படி எழுதியிருக்கிறேன்:

(அ) கடலோரச் சுற்றுலா விடுதிகளின் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கித் தொழிலாளர்கள் இறப்பது அரசுக்குத் தெரியுமா? செங்கல்பட்டு மாவட்டத்தில் கடந்த ஓராண்டில் அப்படி இறந்தவர்கள் எத்தனை பேர்?
(ஆ) அப்படியாயின், பொறுப்பானவர்கள் மீது எடுத்த நடவடிக்கை என்ன?
(இ) இல்லையாயின், காரணம் என்ன?

மாமாவின் பெயர் இதில் வராது. ஆனால் பதிலில் 'ஒருவர்' என்று வந்தால் அது மாமாதான். அமைச்சரே அவையில் ஒரு எண்ணைச் சொன்ன பிறகு அங்கே ஒரு போலீஸ்காரரும் மாமா வழுக்கி விழுந்தார் என்று சொல்ல முடியாது.

குறைந்தது பதினைந்து நாள் முன்னால் கொடுக்க வேண்டும். பிறகு குலுக்கல். நூற்றுக்கணக்கான கேள்விகளில் ஒரு நாளைக்கு இருபதுக்குத்தான் நட்சத்திரம் கிடைக்கும். அவற்றுக்குத்தான் அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும். மற்றவற்றுக்கு எழுத்தில் மட்டும். மார்ச் 12-க்குக் கொடுக்கிறேன்.

இது என் வீட்டு விஷயம் என்று ஐயாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தயங்குவார்.

சரவணன்


கீழத்தாங்கல்
பிப்ரவரி 9

தம்பிக்கு,

மனு நகல்கள் இதோடு வைத்திருக்கிறேன். 'ஒருவர்' என்று வந்தால் போதும் எனக்கு.

பொத்தேரியில் ஹாஸ்டல் மெஸ்ஸில் மறுபடி வேலைக்குப் போகிறேன். காலை நாலரைக்கு இட்லி ஊற்ற வேண்டும். அங்கே படிக்கும் பிள்ளைகள், "ஆண்ட்டி, ரிசார்ட்டுக்குப் போறோம், நாஸ்தா பார்சல் பண்ணிக் குடுங்க" என்று சனிக்கிழமைகளில் கேட்கிறார்கள். கட்டிக் கொடுக்கிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் உன் மாமா போட்டிருந்த சட்டையை ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்கள். நான் அவிழ்க்கவில்லை. பெயின்ட் டப்பாவில் போட்டு மூடி, பின்பக்கம் வைத்திருக்கிறேன். கீர்த்தனா, "அதத் துவைச்சி எடுத்து வையேன்மா, அப்பா சட்டதானே" என்கிறாள். ஒன்பதாவது படிக்கிற பெண்ணிடம் ஏன் துவைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

சுஜாதா


புது டெல்லி
பிப்ரவரி 26

அக்கா,

குலுக்கலில் வந்துவிட்டது. நட்சத்திரமிட்ட கேள்வி. அதுவும் பட்டியலில் நான்காவது இடம். ஒரு மணி நேரத்தில் ஐந்து, ஆறு கேள்விக்குத்தான் நேரம் இருக்கும். நான்கு என்றால் நிச்சயம் வரும். இரண்டு வருஷத்தில் நான் எழுதியவற்றில் இவ்வளவு மேலே ஒன்று வந்ததில்லை. ஐயாவே, "யாருய்யா எழுதுனது, நல்லா இருக்கே?" என்றார்.

இனி என்ன நடக்கும் என்றால், அமைச்சகம் மாநிலத்தைக் கேட்கும், மாநிலம் மாவட்டத்தைக் கேட்கும், மாவட்டம் கீழே கேட்கும். கடைசியில் யாராவது உன் வாசலுக்கு வருவார்கள். கையில் இருக்கும் காகிதத்தில் 'பாராளுமன்றக் கேள்வி, மிக அவசரம்' என்று சிவப்பு முத்திரை இருக்கும். அவர்களிடம் கோபப்படாதே. மூன்று மாதமாக நீ போய் நின்ற இடங்களிலிருந்து இப்போது உன்னைத் தேடி வருகிறார்கள். கேட்பதைச் சொல். கேட்பதைக் கொடு. ஒத்துழை.

துணைக் கேள்வியை இன்றிலிருந்தே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சரவணன்


கீழத்தாங்கல்
மார்ச் 4

தம்பிக்கு,

நேற்று வந்தார்கள். இரண்டு பேர். ஒருவர் தாலுகா ஆபீஸ், இன்னொருவர் காவல் நிலையம் என்றார்கள். நீ சொன்ன சிவப்பு முத்திரையைப் பார்த்தேன். டிசம்பரிலிருந்து என்னை 'இன்னாமா, அப்பால வா' என்றவர்கள் இப்போது 'அம்மா' என்கிறார்கள். நாற்காலி போட்டேன். டீ போட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் சொன்னது, தாவீது சொன்னது, தலையில் காயம் இல்லாதது. தாலுகா ஆபீஸ்காரர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே தலையாட்டினார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். மேலே இரண்டு வரிதான் இருந்தது, என் பெயரும் முகவரியும்.

"இதுல கீழ ஒரு கையெழுத்து போட்டுடும்மா. நீ சொன்னத ஆபீஸ்ல டைப் அடிச்சிக்கிறோம். நாலு மணிக்குள்ள மெட்ராசுக்கு மெயில் போவணும். டெல்லிக்காரன் கழுத்துல கத்திய வெச்சிக்கினு கீறான்."

நிலையத்துக்காரர் சிரித்தார். "உங்க வூட்டுக்காரர் பேரு பார்லிமெண்ட் வரைக்கும் போயிடுச்சும்மா. யாருக்குக் கெடைக்கும்?"

போட்டேன். போகும்போது இருவரும் கும்பிட்டார்கள். அவர்கள் போன பிறகு கீர்த்தனாவிடம், "உங்கப்பாவப் பத்தி டெல்லியில கேக்கப் போறாங்கடி" என்றேன். பன்னிரண்டாம் தேதி டிவி பார்க்க அவள் லீவு போடுகிறாள். முதல் பாராவில் உன்மேல் கோபமாக எழுத நினைத்திருந்தேன். எழுத வரவில்லை.

அக்கா


புது டெல்லி
மார்ச் 13

அக்கா,

நீயும் கீர்த்தனாவும் டிவியில் பார்த்திருப்பீர்கள். பதினொன்றுக்கு அவை கூடியது. இரண்டே நிமிஷத்தில் ஒத்திவைக்கப்பட்டது. முதல் கேள்வியின் எண்ணைக் கூடச் சபாநாயகர் முழுதாகச் சொல்ல முடியவில்லை. முன்னால் போய் அட்டையைத் தூக்கிப் பிடித்துக் கத்தியவர்களில் வாசுதேவன் ஐயாவும் ஒருவர். அவர்கள் கத்திய விஷயம் அற்பமானது என்று நான் சொல்ல மாட்டேன். அதுவும் யாரோ செத்த விஷயம்தான். ஆளுந்தரப்பு அதைப் பேச விடவில்லை, இவர்கள் மற்றதை நடக்க விடவில்லை. நான் எழுதிக் கொடுத்த துணைக் கேள்வி ஐயாவின் சட்டைப் பையிலேயே இருந்தது. "கீழ்மட்ட அறிக்கையை எழுதியது யார்? முதல் தகவல் அறிக்கையை எழுதிய அதே நிலையமா?" அவ்வளவுதான் அந்தத் துண்டுச் சீட்டில்.

எடுக்கப்படாத கேள்விக்கும் பதில் உண்டு. 'அவையின் மேசை மீது வைக்கப்படுகிறது' என்று அச்சடித்துப் போட்டுவிடுவார்கள். பதிலை மொழிபெயர்த்துத் தருகிறேன். ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை:

"(அ) மாநில அரசிடமிருந்து பெற்ற தகவலின்படி, குறிப்பிட்ட மாவட்டத்தில் குறிப்பிட்ட காலத்தில் அவ்வகை இறப்பு எதுவும் பதிவாகவில்லை. டிசம்பர் 8 அன்று நேர்ந்த ஒரு மரணம் வாகனத்திலிருந்து தவறி விழுந்ததால் ஏற்பட்டது என்பதை இறந்தவரின் மனைவி எழுத்து மூலம் உறுதி செய்துள்ளார். (ஆ), (இ): கேள்வி எழவில்லை."

பொய் என்று தெரிந்து எழுதியவர் டெல்லியில் யாரும் இல்லை, அக்கா. அமைச்சர் அதிகாரியின் தாளை நம்பினார், அதிகாரி மாநிலத்தின் தாளை நம்பினார். நான் கேட்ட கேள்வி படிப்படியாக இறங்கி, மாமா வழுக்கி விழுந்தார் என்று எழுதிய அதே மேசைக்குப் போய், அங்கிருந்து அதே பதிலை எடுத்துக்கொண்டு ஏறி வந்திருக்கிறது. அதுவரை அது வெறும் போலீஸ் அறிக்கையாக இருந்தது. இப்போது பாராளுமன்றத்தின் பதிலாகிவிட்டது.

வெற்றுத்தாளில் நீ கையெழுத்துப் போட்டாய். ஒத்துழை என்று எழுதியவன் நான்.

சரவணன்


கீழத்தாங்கல்
மார்ச் 20

சரவணகுமாருக்கு,

டிவியில் இரண்டு நிமிஷம் வெள்ளைச் சட்டைகள் தெரிந்தன. கீர்த்தனா, "அப்பா பேரு எப்பம்மா வரும்?" என்றாள். அணைத்துவிட்டேன்.

நீ கேள்வி கேட்காமல் இருந்திருந்தால் அவர் செத்தது சந்தேகமாகவாவது இருந்திருக்கும். இப்போது நானே எழுதிக் கொடுத்ததாக டெல்லியில் அச்சடித்து வைத்திருக்கிறீர்கள். ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? ரிசார்ட்காரனிடம் டப்பு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாளாம் சுஜாதா. சடையப்பன் சித்தப்பா வாசலோடு போய்விட்டார்.

நேற்று கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. வழக்கில் மேல் நடவடிக்கை தேவையில்லை என்று போலீஸ் அறிக்கை கொடுத்திருக்கிறதாம். ஆட்சேபணை இருந்தால் ஏப்ரல் 7 காலை பத்தரைக்கு நான் ஆஜராக வேண்டும். இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள். மூடினால் அவர் வழுக்கி விழுந்தவர்தான், கடைசி வரைக்கும். இலவசச் சட்ட உதவியில் கண்ணகி என்று ஒரு வக்கீல் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் பதிலின் நகலை இரண்டு முறை படித்தாள். "இதுக்கு மேல ஒரு தாள் இருந்தாத்தான் இதை ஒடைக்க முடியும்க்கா" என்றாள்.

என்னிடம் தாள் இல்லை. சட்டைதான் இருக்கிறது. பதிலை மேசை மீது வைத்தார்கள் என்று எழுதினாயே, அந்த மேசை மீது இதையும் வைக்கச் சொல். டப்பாவுக்கு மேல் மூன்று பை சுற்றி, டேப் ஒட்டி, இன்று பார்சல் போட்டுவிட்டேன். தபால் ஆபீசில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். துணி என்றேன்.

லாரி மேலிருந்து விழுந்தவன் சட்டை எப்படி நாறும் என்று அவர்களைக் கேள்.

சுஜாதா


புது டெல்லி
ஏப்ரல் 1

அக்கா,

பார்சல் வந்தது. ஐயாவின் குடியிருப்பில் முன்னறை மேசை மீது வைத்தேன். பாராளுமன்ற மேசைக்கும் எனக்கும் நடுவில் நான்கு சோதனை வாசல் இருக்கின்றன. இதைவிடப் பக்கத்தில் என்னால் கொண்டுபோக முடியாது.

மூடியைக் கொஞ்சம்தான் திறந்தேன். ஐயா உள்ளேயிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்னய்யா இது, எலி கிலி செத்துப் போச்சா?"

"நாலாவது கேள்விக்குப் பதில் ஐயா."

சொன்னேன். என் மாமா, என் அக்கா, கையெழுத்து, எல்லாம். முதலில் அவருக்குக் கோபம் வந்தது. "உன் வீட்டு வழக்கை என் பேர்ல கேட்டிருக்கே. ஒரு வார்த்தை சொன்னியா? அவங்க கையெழுத்தே எதிரா இருக்கு. நாளைக்கு என்னைச் சபையில கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?" அவர் சொன்னது சரி. சொல்லியிருந்தால் அந்தப் பன்னிரண்டாம் தேதி கத்தாமல் தன் இடத்தில் உட்கார்ந்திருப்பாரா என்று கேட்டேன். மூடியைத் தானே இறுக்கி மூடினார்.

மறுநாள் கையெழுத்துப் போட்டார். அமைச்சரின் பதில் உண்மைக்கு மாறானது, விசாரித்துத் திருத்த வேண்டும் என்று சபாநாயகருக்கு ஒரு பக்கக் கடிதம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை இருக்கிறது. அமைச்சகத்தின் விளக்கம் கேட்பார்கள். அமைச்சகம் யாரைக் கேட்கும் என்று உனக்குத் தெரியும். கூட்டத்தொடர் ஏப்ரல் 4-இல் முடிகிறது. உன் தேதி 7. அதற்குள் எதுவும் திருந்தாது. அடுத்து கூடுவது ஜூலையில்.

கண்ணகி வக்கீலோடு பேசினேன். சட்டையை ஏன் டெல்லிக்கு அனுப்பினீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்டார். கோர்ட்டில் கொடுத்து ரசாயனப் பரிசோதனை கேட்டிருக்க வேண்டுமாம். மூவாயிரம் மைல் போய்வந்த துணியை யார் நம்புவார்கள் என்றார். ஆனாலும் அனுப்பச் சொன்னார். இன்றே விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், கடிதத்தின் நகலோடு. நான் டிக்கெட் எடுத்திருந்தேன். கேள்வி எழுதினவனே வந்து நின்றால் எல்லாம் குடும்பத்தோடு சேர்ந்து ஜோடித்தது என்பார்கள், வராதீர்கள் என்றார். இந்த முறையும் நான் வரவில்லை.

சரவணன்


கீழத்தாங்கல்
ஏப்ரல் 8

தம்பிக்கு,

டப்பா ஐந்தாம் தேதி வந்து சேர்ந்தது. டேப் பிரிந்திருக்கவில்லை.

மாஜிஸ்திரேட் ஒரு பெண். அரசு வக்கீல் பாராளுமன்றப் பதிலின் நகலையும் என் கையெழுத்துப் போட்ட தாளையும் நீட்டினார். அந்த வெள்ளைத்தாள் இப்போது முழுக்க டைப் அடித்திருந்தது.

"இது உங்க கையெழுத்தா?"

"கையெழுத்து என்னதும்மா. மேல கீற எழுத்து என்னது இல்ல. வெறும் தாள்ல வாங்கிக்கினாங்க."

"அப்ப பார்லிமெண்ட்ல சொன்னது பொய்ங்கிறீங்களா?" என்றார் அரசு வக்கீல்.

"ஆமா சார்."

கண்ணகி உன் ஐயாவின் கடிதத்தைக் கொடுத்தாள். மாஜிஸ்திரேட் படித்துவிட்டு, இது ஒரு உறுப்பினரின் கருத்து, சாட்சியம் இல்லை என்று பக்கத்தில் வைத்தார். பிறகு கண்ணகி டப்பாவைக் காட்டினாள்.

"இது இவ்வளவு நாள் எங்க இருந்தது?"

"மூணு மாசம் எங்க வூட்டுல. அப்பால டெல்லிக்குப் போயிட்டு வந்துச்சும்மா."

பின்னால் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. "டெல்லிக்கு எதுக்கு?"

"அங்க ஒரு மேச கீதாம். அது மேல வெக்கலாம்னு அனுப்பினேன். வெக்க முடியலயாம்."

திறக்கச் சொன்னார். மூன்று பையையும் பிரித்தேன். ஆஸ்பத்திரியில் போட்ட முடிச்சை முதல் முறையாக அவிழ்த்தேன். அரசு வக்கீல் கைக்குட்டையை எடுத்தார். முன் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நகர்ந்தார்கள். யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.

தாவீது அங்கே இருந்தான். நான் வண்டியில் தூங்கினேன் என்று சொல்வதற்காகப் போலீஸ் கூட்டி வந்திருந்தது. அவன் மட்டும் மூக்கைப் பொத்தவில்லை. சுவரோடு சறுக்கிக் கீழே குந்தினான். தொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அண்ணாத்த," என்றான். ஆய்வாளர் அவன் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப் போகப் பார்த்தார். "அவரை அங்கேயே விடுங்க," என்றார் மாஜிஸ்திரேட். கொஞ்ச நேரம் தாவீதையே பார்த்துவிட்டு ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று கண்ணகிக்கும் தெரியவில்லை. வழக்கை மூடவில்லை. வாய்தா ஜூன் 16. சட்டையைக் கோர்ட்டில் வாங்கிக்கொண்டு ஒரு எண் போட்டார்கள்.

அதற்குள் தாவீது மறுபடி தூங்கினவனாகிவிடலாம். எண் போட்டது தொலைந்தும் போகலாம். நான் எதையும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் கீர்த்தனா, "அப்பா சட்ட எங்க?" என்றாள். கோர்ட்டில் இருக்கிறது என்றேன். "துவைச்சிடுவாங்களா?" என்றாள்.

ஜூலையில் அவை கூடும் என்றாய். பதினைந்து நாள் முன்னால் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே சொன்னாய். மறுபடி கேள். உன் ஐயாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டுக் கேள். இந்த முறை கீழே யாரைக் கேட்டு அந்தப் பதிலை எழுதினீர்கள் என்பதுதான் கேள்வியாக இருக்கட்டும். சிவப்பு முத்திரையோடு யார் வந்தாலும் நான் டீ போட மாட்டேன்.

போன் செய்யாதே. எழுது.

அக்கா